போர்த்தியதைத் திருப்பிக் கேட்டவள்

பீரோவின் மேல்தட்டில் சால்வை இல்லை என்று தெரிந்ததும் செம்மொழி முதலில் எலியைத்தான் சந்தேகப்பட்டாள். திருவிடைமருதூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் எலிகளுக்குக் குறைவில்லை. ஒருமுறை அரைப்பந்து கம்பளி நூலை இழுத்துக்கொண்டுபோய்ப் பரணில் கூடே கட்டியிருந்தன. ஆனால் எந்த எலியும் சால்வையைச் சுற்றி வைத்திருந்த பழைய வேட்டியை நாலாக மடித்து வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் கொண்டு போகாது.

கூடத்துக்கு வந்து கேட்டாள். "ஏங்க, மேல்தட்டுல வேட்டிக்குள்ள ஒரு சால்வை இருந்துச்சே, பாத்தீங்களா?"

அவள் கணவன் பரிதி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவா? வியாழக்கிழமை தாளாளருக்குப் போத்திட்டேன்."

பரிதி கும்பகோணத்துப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளன். தாளாளர் கோவிந்தராசுவுக்கு அன்று அறுபதாவது பிறந்தநாள். ஊழியர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. பரிதி சால்வை வாங்க மறந்து போனான். கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாள் என்பதால் கல்லூரி வாசலில் விற்றவனிடமும் காலி, கடைத்தெருவிலும் கூட்டம். வண்டியை வீட்டுக்கு விட்டிருக்கிறான், பீரோவைத் திறந்திருக்கிறான்.

"புதுசா மடிச்சு இருந்துச்சு. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில உனக்கு யாரோ போத்தினதுன்னு நெனைச்சேன்."

"யாரோ போத்தினதா?"

"அப்படித்தான் நெனைச்சேன்."

"பதினோரு மாசம் அது என் மடியில கெடந்துச்சுங்க. இதே சோபாவுல. அந்த ஓரத்துல நீங்க உக்காந்து கிரிக்கெட் பாத்தீங்க, இந்த ஓரத்துல நான் உக்காந்து பின்னினேன். நூலுருண்டை உருண்டு போனப்ப ரெண்டு தடவை நீங்களே எடுத்துக் குடுத்தீங்க."

பரிதி இப்போதுதான் திரும்பினான். "நீ எப்பவும்தான் எதையாவது பின்னிக்கிட்டே இருக்கே. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? விடு, வேற வாங்கித் தர்றேன். ஜரிகை வெச்சு, இதைவிட நல்லதா."

செம்மொழி கத்தவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துப் பரிதி டிவியின் ஒலியைக் குறைத்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய கோபம் ஊரறிந்தது. தாலுகா அலுவலகத்தில் நில அளவர் வேலை. வரப்பின் இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் தம்பியும் மண்வெட்டியோடு நிற்க, நடுவில் நில எல்லை வரைந்த புலப்படத்தை விரித்துப் பிடித்து, "கல்லு இங்கதான் இருந்துச்சு, இங்கதான் இருக்கும். பிடுங்கி நட்டவன் யாருன்னு நான் கேக்கணுமா, நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'மொளகாத்தூள்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். கோபம் அவளுக்கு வேலைக்கு ஆகிற ஒரு சாமான் மாதிரி. ஆனால் வீட்டில், மடியில் ஊசிகளோடு இருக்கும்போது வருகிற கோபம் வேறு ஜாதி. அதற்குக் கேட்பார் கிடையாது.

பின்னக் கற்றது கோத்தகிரியில். இருபத்து நான்கு வயதில் முதல் நியமனம் அங்கேதான் கிடைத்தது. டெல்டா வெயிலில் வளர்ந்த உடம்பு முதல் மாதமே நடுங்கிப்போய்ப் படுத்துவிட்டது. அதே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த தஹ்மீனா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னிக்கொண்டிருப்பார். பார்த்துப் பார்த்து, ஒருநாள் ஊசியைக் கேட்டு வாங்கினாள் செம்மொழி. ஒரு கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, இன்னொரு கண்ணியை வெளியே இழுப்பது. அவ்வளவுதான் வித்தை. மிச்சம் எல்லாம் எண்ணிக்கை. எண்ணிக்கை அவளுக்கு நன்றாக வரும். மூன்று வருஷத்தில் மாற்றல் வாங்கிச் சொந்த மாவட்டத்துக்கு வந்தபோது, பெட்டியில் இரண்டு ஜோடி ஊசிகளும் கையை விட்டுப் போகாத ஒரு பழக்கமும் கூடவே வந்தன.

பதினாறு வருஷமாக இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கும்பகோணத்தில் ஒரு கடையில் பின்னல் ஊசி கேட்டால் சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து வைத்தான். அடுத்த கடையில் கூடை பின்னுகிற ஒயரைக் காட்டி, "இதுல பின்னுங்க மேடம், பத்து வருசம் உழைக்கும்" என்றான். இணையத்தில் வாங்கினால் நாலு மில்லிமீட்டருக்குப் பதில் நாலரை வரும். ஒரே நிறத்தில் ஆறு பந்து கேட்டால் ஐந்து ஒரு சாயத்தொட்டியில் முக்கியதாகவும் ஒன்று வேறு தொட்டியில் முக்கியதாகவும் வந்து சேரும். வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், அதற்குள் பாதி பின்னி முடித்திருப்பாள். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்துக் கம்பளி விரலில் ஒட்டும். மின்விசிறியை வேகமாக வைத்தால் நூல் பறந்து முறுக்கிக்கொள்ளும். நூற்று நாற்பத்தேழு, நூற்று நாற்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் கூரியர்காரன் அழைத்து, "மேடம், உங்க வீடு எந்தப் பக்கம்?" என்பான்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேருந்திலோ கல்யாண வீட்டிலோ ஊசியை எடுத்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் வயிற்றைப் பார்ப்பாள். "விசேஷமா?" சினிமாவில் கர்ப்பிணிகளைத் தவிர வேறு யாரும் ஸ்வெட்டர் பின்னுவதில்லை அல்லவா? அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மகள் கனிமொழி திருச்சியில் விடுதியில் தங்கி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். "ஆமா, பதினேழு வருசம் லேட்டா ஸ்வெட்டர் பின்றேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

அடுத்த கேள்வி, "இதை வித்தா என்ன?" சம்பளம் வாங்குகிற உத்தியோகத்தில் இருப்பவளைப் பார்த்து ஊரே இதைக் கேட்டது. மகளிர் குழு ஆரம்பிக்கச் சொன்னார்கள், ஆன்லைனில் போடச் சொன்னார்கள், ஆட்சியர் அலுவலகக் கண்காட்சியில் ஒரு மேசை வாங்கித் தருவதாக ஒருவர் மனுவே எழுதிக்கொண்டு வந்தார். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பிறந்த பெண்களில் ஒருத்திகூடக் கூலி இல்லாத வேலைக்குக் கையை அசைத்ததில்லை. அசைக்க முடிந்ததில்லை. நாற்றுக் கட்டு, களை, கதிர், அடுப்பு. அந்த வரிசையில் முதன்முதலாக ஒருத்தி, எதற்கும் உதவாத ஒரு காரியத்தைத் தன் ஆசைக்குச் செய்கிறாள். அதையும் கூலியாக மாற்றச் சொல்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, சும்மா கொடுத்தாவது பார்ப்போம் என்று கொடுத்தும் பார்த்தாள். பரிதிக்குப் பின்னிக் கொடுத்த மஃப்ளர் பைக் செயின் துடைக்கப் போனது. நாத்தனார் குழந்தைக்கு அனுப்பிய ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு, பொம்மைக்கு ஆகிற அளவில் எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள், கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை முகத்தோடு. அம்மா கண்ணாத்தாள் மட்டும் நேராகச் சொன்னாள்: "கடிக்குதுடி. எடுத்துட்டுப் போ."

படிப்பிலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. கிளை நூலகத்திலிருந்து வாரம் ஒரு நாவல் எடுப்பாள். நேர்ப் பின்னல் பின்னுகிற நாட்களில் கை தானாக ஓடும், கண் சும்மா இருக்கும். அப்போது புத்தகத்தை முக்காலியில் விரித்து இரும்பு அளவுகோலைப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டுப் படிப்பாள். கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கதாநாயகி ஒரே ராத்திரியில் காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னி முடித்து விடிகாலையில் ரயிலடியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். செம்மொழிக்குக் கதை அங்கேயே அறுந்துவிடும். எழுதினவர் வாழ்நாளில் ஒரு ஊசியைக் கையால் தொட்டிருப்பாரா? இன்னொரு நாவலில் ஒருத்தி கம்பளிச் சட்டையை 'ஊசியில் நூல் கோத்து' பின்னினாள். செம்மொழி பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: 'பின்னல் ஊசிக்குக் காது கிடையாது. விசாரித்து எழுதவும்.'

நூலகர் வீரையன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், நீங்க படிச்சவங்க. அரசாங்கப் புத்தகத்துல இப்படிக் கிறுக்கலாமா?"

"தப்பா அச்சடிச்சது கிறுக்கல் இல்லையா சார்?"

அவர் ரப்பரை எடுத்து அவள் கண்ணெதிரே அழித்தார்.

இப்படி எல்லாருக்கும் பின்னி, எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான், போன தை மாதம், ஒன்று எனக்கு என்று தொடங்கினாள். யாருக்கும் அளவெடுக்க வேண்டாம், யாருக்குப் பிடிக்குமோ என்று நினைக்க வேண்டாம். இமாசலத்திலிருந்து மென்மையான கருநீலக் கம்பளி வரவழைத்தாள். மாதிரியும் அவளே போட்டது. ஒரு புலப்படத்தில் வாய்க்கால் ஒன்று நேராக வந்து, காரணமில்லாமல் முழங்கை மாதிரி மடங்கி, மறுபடி நேராகப் போவதைப் பார்த்திருந்தாள். யார் நிலம் என்பதுகூட மறந்துவிட்டது, அந்தக் கோணல் மட்டும் கண்ணிலேயே நின்றது. அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கருநீலத்தின் நடுவே வெளிர் சாம்பல் கோடாக ஓடவிட்டாள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே தெரிய வேண்டும் என்று மூன்று முறை பிரித்தாள். வைகாசியில் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பின்னினாள். கார்த்திகை முதல் வாரத்தில் கடைசிக் கண்ணியை மூடி, நனைத்து, மெத்தையில் குண்டூசி குத்திக் காயவைத்து, தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. தை கடைசியில் தஹ்மீனா பணி ஓய்வு பெறுகிறார். கோத்தகிரிக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டு அந்த விழாவுக்குப் போக வேண்டும் என்று ரயில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது.

அதைத்தான் பரிதி கொண்டுபோய்த் தாளாளர் தோளில் போட்டிருந்தான்.

மறுநாள் மாலை அவன் சொன்னபடியே ஜரிகைச் சால்வை வாங்கி வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்தான். செம்மொழி அதைப் பிரித்தாள், மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள், விரித்து அதன்மேல் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக் காயவைத்தாள். பிறகு இறங்கி வந்து, "என்னோடதைக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? போத்தினதைத் திருப்பிக் கேக்கறதா? தமிழ்நாட்டுலயே எவனும் கேட்டதில்லை."

"அப்ப நீங்க மொத ஆளா இருங்க."

இரண்டு நாள் கழித்து, கேட்டதாகவும், சால்வைகளையெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் வந்து சொன்னான். அவன் கண் தரையில் இருந்தது. செம்மொழி அந்த இல்லத்தின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். நிர்வாகி துரைக்கண்ணு பொறுமையாகப் பதில் சொன்னார். "வந்துச்சும்மா, மூணு மூட்டை. அத்தனையும் ஜரிகை. போத்திக்கவும் முடியாது, தொடைக்கவும் முடியாது. ஜன்னலுக்குத் திரையாப் போட்டிருக்கோம். கம்பளின்னு ஒண்ணுமே வரலையே. வந்திருந்தா இந்தப் பனிக்கு நான் விட்டிருப்பேனா?"

ஆக, சால்வை இன்னும் தாளாளர் வீட்டில்தான் இருக்கிறது. பரிதி கேட்கவும் இல்லை. எடுத்துப் போனதைவிட இந்தப் பொய்தான் அவளை அதிகம் சுட்டது. எடுத்தபோது அவனுக்குத் தெரியாது. பொய் சொன்னபோது எல்லாம் தெரியும்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தாள். தாராசுரம் போகிற வழியில், பெரிய கேட் போட்ட வீடு. பேரைச் சொன்னதும் காவலாள் உள்ளே ஓடினான். தாளாளரின் மனைவி மங்களாம்பிகை வாசல்படி வரைக்கும் வந்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க! சர்வேயர் மேடம்தானே? ஒரு போன் போட்டிருந்தா காரை அனுப்பியிருப்பேனே. பழவாய்க்கரை நெலத்து உட்பிரிவு விஷயமாத்தானே வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

செம்மொழி உட்கார்ந்தாள். கூடத்துச் சோபா உட்கார்ந்தவரை உள்ளே இழுத்தது. அவள் பார்வை அந்த அம்மாவின் தோளில் இருந்தது. கருநீலம். நடுவில் மடங்கி ஓடும் சாம்பல் கோடு. இடது தோளில் கல் பதித்த ஒரு பெரிய ஊக்கு குத்தியிருந்தது.

"நெலத்துக்காக வரலைங்க. அதுக்கு முறைப்படி நோட்டீஸ் வரும். நான் வந்தது நீங்க போட்டிருக்கிற சால்வைக்காக. அது நான் பின்னினது. என் வீட்டுக்காரரு தெரியாம எடுத்துட்டு வந்து சாருக்குப் போத்திட்டாரு."

மங்களாம்பிகையின் முகம் மலர்ந்தது. "நீங்க பின்னினதா! நான் அன்னிக்கே அவர்கிட்ட சொன்னேன், முந்நூறு சால்வை வந்துச்சு, அதுல இது ஒண்ணுதான் சால்வைன்னு. மார்கழிப் பனிக்குத் தோள்பட்டை இழுக்கும் எனக்கு. இதைப் போட்டதுலேருந்து இதமா இருக்கு. இங்க பாருங்க…" தொங்கும் ஓரத்தைத் திருப்பிப் பிடித்தார். "முன்பக்கம் எப்படியோ அப்படியே பின்பக்கமும். எவ்வளவு மெனக்கெட்டிருக்கணும்!"

பத்தொன்பது வருஷத்தில் அவள் பின்னிய ஒன்றின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு நிமிடம், சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அந்தப் பயத்திலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

"பழவாய்க்கரை எனக்குச் சொந்த ஊருதாங்க" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அப்படியா? யார் வீட்டுப் பொண்ணு?"

"கண்ணாத்தாள் பொண்ணு. கீழத்தெரு."

மங்களாம்பிகை அவளை இன்னொரு முறை பார்த்தார், இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல. "அட! நம்ம கண்ணாத்தா மவளா நீ? சர்வேயர் ஆயிட்டியா? கேக்கவே சந்தோஷமா இருக்கு. அப்ப நீ நம்ம வீட்டுப் பொண்ணுதான், போ."

வாசலில் 'வாங்க' என்று தொடங்கிய பேச்சு கூடத்தின் நடுவில் 'நீ' ஆகிவிட்டது. காபி கேட்டது காற்றோடு போயிற்று. செம்மொழி இதைக் கேட்டாள். கேட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சால்வையைக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிருவேன்."

"அது எப்படிம்மா? போத்தின மரியாதையைத் திருப்பிக் கேக்கலாமா? வேணும்னா நூலு வாங்கித் தர்றேன், உனக்கு ஒண்ணு பின்னிக்கோ. அப்படியே எங்க சம்பந்திக்கும் ஒண்ணு பின்னு. சும்மா வேணாம், என்ன ஆகுமோ சொல்லு."

"எனக்கு இதுதான் வேணும்."

"யாருக்காகப் பின்னினே இதை? அப்படி யாருக்கு?"

"எனக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "உங்கம்மா இந்த வீட்டுலேருந்து எவ்வளவு வாங்கிட்டுப் போயிருக்கா, தெரியுமா? நெல்லு, சேலை, நாள் கிழமைக்குச் சோறு. நாங்க என்னிக்காவது கணக்குப் பாத்தோமா? ஒரு சால்வைக்கு இவ்வளவு தூரம் வந்து நிக்கிறியே."

"நிக்கலைங்க. உக்காந்திருக்கேன்" என்றாள் செம்மொழி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எங்கம்மா வாங்கிட்டுப் போனது கூலி. நடவுக்கு எறங்கி, இடுப்பு ஒடிஞ்சு வாங்கினது. அதுல பாதியைத்தான் குடுத்தீங்க. மீதியை நான் கேக்க வரலை. என் பொருளை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

மங்களாம்பிகையின் சிரிப்பு நின்றது. "அவரு வரட்டும். அவர்கிட்ட பேசிக்க."

"வரட்டுங்க. நான் இருக்கேன்."

பைக்குள் கைவிட்டாள். பாதி முடிந்த காலுறை ஒன்று நான்கு சிறிய ஊசிகளோடு இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள். மங்களாம்பிகை உள்ளே போனார், வந்தார், கைபேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். கால் மணி நேரத்தில் செம்மொழியின் கைபேசி அடித்தது. பரிதி.

"என்ன பண்றே அங்க? எந்திரிச்சு வா. பிரின்சிபால் கூப்பிட்டுக் கேக்கறாரு. என் வேலைக்கு உலை வெச்சுராதே, செம்மொழி."

"முதியோர் இல்லத்துக்குப் பேசினேன்" என்றாள்.



"இன்னும் பத்து வரிசை இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு கண்ணிகள் நழுவின. பொறுக்கி எடுத்துப் போட்டாள். உள்ளே யாரோ குக்கர் வைத்தார்கள். வெளியே ஒரு கார் வந்து நின்றது. கல்லூரி அறக்கட்டளைக்காரர்கள் இரண்டு பேர் பத்திரிகையும் பழத்தட்டுமாக வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அவளைத் தெரியும், போன வருஷம் அவர் மனையை அளந்தவள் அவள்தான்.

"அடடே, சர்வேயர் மேடம்! இங்க என்ன விஷயம்?"

மங்களாம்பிகை முந்திக்கொண்டார். "சும்மா, நம்ம ஊர்ப் பொண்ணு, பாக்கலாம்னு…"

"என் சால்வையை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன் சார்" என்றாள் செம்மொழி, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். "அம்மா போட்டிருக்காங்களே, அது."

வந்தவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் அந்த அம்மாவின் தோளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவர் அப்படியே நின்றார்.

மங்களாம்பிகை சால்வையை உருவினார். ஊக்கை மறந்துவிட்டார், 'சரக்' என்று ஒரு சத்தம். சுருட்டி டீப்பாயின்மேல் போட்டார். "எடுத்துட்டுப் போ. இதைப் போயி பெருசு பண்ணிக்கிட்டு."

செம்மொழி வரிசையை முடித்தாள். காலுறையைப் பைக்குள் வைத்தாள். சால்வையை எடுத்து விரித்துப் பார்த்தாள். இடது தோள் பக்கம், சாம்பல் கோடு மடங்குகிற இடத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அறுந்த நூல் இரண்டு கண்ணிகளை இழுத்துக்கொண்டு தொங்கியது.

"கிழிச்சிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போக மனமில்லை. பழவாய்க்கரைக்கு வண்டியை விட்டாள். கண்ணாத்தாள் கொல்லைப்புறத்தில் கெண்டை மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். மகள் நடந்ததைச் சொல்லச் சொல்ல உரசுகிற வேகம் குறைந்தது.

"அந்த வீட்டுக்குள்ள போயா கேட்டே?"

"கூடத்துலதான்."

"அந்தம்மாகிட்டயே?"

"ஆமா."

கண்ணாத்தாள் மீனைத் திருப்பிப் போட்டாள். திட்டப்போகிறாள் என்று செம்மொழி காத்திருந்தாள்.

"உக்காந்துகிட்டா கேட்டே, நின்னுகிட்டா?"

"உக்காந்துகிட்டுதான். ஒண்ணரை மணி நேரம்."

கிழவி மீனைக் கழுவினாள், இன்னொரு தண்ணீர் மாற்றிக் கழுவினாள். பிறகு, "சோறு தின்னுட்டுப் போ" என்றாள்.

பரிதிக்கு வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரமே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் அவன் தலையில் கட்டினார்கள். வாரத்தில் மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டும். அதற்குக் காரணம் அவள்தான் என்று அவனும், அவன்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டு, பொங்கல் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கல் அன்று அவன்தான் ஆரம்பித்தான். "முந்நூறு பேரு வரிசையில நின்னோம். வெறுங்கையோட நிக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். பொய் சொன்னதும் பயத்துலதான்."

"எங்கிட்ட பயம் இல்லையா?"

"உங்கிட்ட இருக்கிறது வேற பயம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவனுக்கு வைத்த சாதத்தில் நெய் ஊற்றினாள்.

பழவாய்க்கரை நிலத்து உட்பிரிவுக் கோப்பு அவள் மேசைக்கே வந்தது. தாளாளர் வீட்டுக் கணக்குப்பிள்ளை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். அவள் ஒரு சாண் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் கல்லை நட்டாள். முடிந்ததும் அவர், "மேடத்துக்குப் பெரிய மனசு. நாங்க பயந்துகிட்டேதான் இருந்தோம்" என்றார். ஒழுங்காக அளந்ததற்குப் பெரிய மனசா? அன்று முழுக்க அந்த வார்த்தை அவள் பல்லிடுக்கில் சிக்கிய முள்ளாகக் கிடந்தது.

ஓட்டையை அடைக்க அதே நூல் கிடைக்கவில்லை. அந்தத் தொட்டிச் சாயம் தீர்ந்துவிட்டதாம். அடுத்த தொட்டி நூலை அனுப்பினார்கள். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடைத்தாள். கை வைத்துப் பார்த்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது, அவள் கண்ணுக்கு.

தை கடைசியில் கோத்தகிரி போனாள். விழா மண்டபத்து வாசலில் தஹ்மீனா அவளைக் கட்டிப்பிடித்தார். விலகி நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சால்வையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், மடிப்பு வந்ததும் நிறுத்தினார்.

"ஏன் புள்ள, இந்த எடத்துல மட்டும் நீலம் வேற மாதிரி இருக்கு?"

அவர்களை உள்ளே வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அதை ஏன் கேக்கறீங்கக்கா" என்று ஆரம்பித்தாள் செம்மொழி. பீரோவைத் திறந்த இடத்தைத் தாண்டுவதற்குள் அவள் குரல் உயர்ந்துவிட்டது, காது சூடாகிவிட்டது. மாலையோடு நின்ற இரண்டு குமாஸ்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.